பதிமூன்று நாள் தூதரகம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப்புறம், விநாயகத்தின் டீக்கடையை ஒட்டினாற்போல் எட்டடி அகலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. இருபது வருஷமாக அதை நடத்துகிறவள் அருள்ஜோதி. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது என்று எந்த மனுவானாலும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அவளிடம்தான் வருவார்கள். வந்தவர் தன் கஷ்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் விரல்கள் முக்கால் மனுவை அடித்து முடித்திருக்கும்.

டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் பண்ணியவள். ஆனால் இங்கிலீஷில் பேச அவளுக்கு ஆள் கிடைத்ததில்லை. அதனால் அவள் வாயிலிருந்து எப்போதாவது இங்கிலீஷ் வந்தால் அது மனு எழுதுகிற இங்கிலீஷாகத்தான் வரும். கடைக்கு வந்த புது பேங்க் மேனேஜர் ஒருவரிடம், "ரெஸ்பெக்டட் சார், கைண்ட்லி சிட்" என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். அவளுக்கு எதற்குச் சிரிக்கிறார் என்று புரியவில்லை.

அந்தக் கடையை அவள் போட்டது பிரிட்டோ செத்த பிறகு.

பிரிட்டோ அவள் கணவன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், கல்யாணமான இரண்டாம் வருஷம் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனான். பத்து மாதத்தில் அங்கே ஒரு சாலை விபத்தில் போய்விட்டான். பிள்ளை இல்லை. உடல் ஊர் வந்து சேர நாற்பத்தொரு நாள் ஆயிற்று. அந்த நாற்பத்தொரு நாளும் மத்தியானம் இரண்டு மணிக்கு அவளுக்கு ஒரு போன் வரும். அங்குள்ள நம் தூதரகத்தில் வேலை பார்க்கிற ஒரு தமிழர். "அம்மா, இன்னிக்கு போலீஸ் காகிதம் முடிஞ்சுது. நாளைக்கு ஆஸ்பத்திரிக் காகிதம்" என்பார். ஒன்றும் நடக்காத நாளிலும் கூப்பிட்டு, "இன்னிக்கு ஒண்ணும் நடக்கலம்மா" என்று சொல்வார். பொய்யாக ஆறுதல் சொன்னதே இல்லை. அவர் பெயர் ராஜகோபாலா ராஜசேகரா என்று இன்றுவரை அவளுக்குச் சரியாகத் தெரியாது. கல்லறைத் திருநாளில் பிரிட்டோவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது, உயிரோடு இருக்கிற அந்த மனிதருக்கும் சேர்த்து ஒன்று ஏற்றுவாள். பங்குச் சாமியார் அது முறையில்லை என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

2012 ஜனவரியில், பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் ஒரு மத்தியானம், கடை ஷட்டரில் யாரோ டம்மென்று முட்டிக்கொண்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் ஷட்டர் உயரத்துக்கு மேல் ஒரு மனிதர். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் டை, தோளில் துணிப்பை. நெற்றியைத் தடவிக்கொண்டே குனிந்து உள்ளே வந்தார். கறுத்த முகத்தில் நெற்றிக்குக் குறுக்கே வரிவரியாகப் பழைய தழும்புகள். பின்னாலேயே அச்சோலும் சைமனும் வந்தார்கள்.

அந்த இரண்டு பேரையும் அருள்ஜோதிக்கு நன்றாகத் தெரியும். ஊருக்கு வெளியே இருக்கிற இன்ஜினியரிங் காலேஜில் படிக்கிற ஆப்பிரிக்கப் பிள்ளைகள். இருபத்துமூன்று பேர், செஞ்சியில் வீடு பிடித்துத் தங்கியிருந்தார்கள். இரண்டு வருஷத்தில் செஞ்சித் தமிழ் நன்றாகப் பிடிபட்டிருந்தது. சைமன் கடைக்கு வந்தால், "இன்னாக்கா, சாப்டியா?" என்றுதான் ஆரம்பிப்பான். அச்சோல் பேச்சு குறைவு. ஜெராக்ஸ் எடுக்க வந்தாலும் மெஷினுக்குள் ஓடுகிற வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அக்கா, இவரு எங்க நாட்டு ஆபீசர்" என்றாள் அச்சோல். "டில்லிலேந்து வந்துருக்காரு. லாட்ஜ்ல கரண்ட் இல்ல. உங்கிட்ட ஜெனரேட்டர் இருக்குதுன்னு கூட்டிட்டு வந்தேன்."

அவர் பெயர் சான்டினோ மலுவால். தெற்கு சூடான் என்ற நாடு, சூடானிலிருந்து பிரிந்து பிறந்து அப்போது ஆறு மாதம்தான். டில்லியில் அதற்குத் தூதரகம் என்று ஒன்றை அமைத்துக்கொண்டிருந்த நாலைந்து பேரில் அவர் ஒருவர். முன்பு அகதி முகாமில் மரத்தடியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். நாடு கிடைத்ததும் அவரைக் கோட்டு மாட்டி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். இந்தப் பிள்ளைகள் எல்லாரும் பழைய நாட்டின் பாஸ்போர்ட்டில் வந்தவர்கள். அந்த மாதம் முடிவதற்குள் புது நாட்டின் குடியுரிமைச் சான்றை விழுப்புரம் எஸ்.பி. ஆபீசில் காட்டியாக வேண்டும். டில்லிக்கு எல்லாரையும் வரச் சொல்வதைவிடத் தான் ஒருவன் வருவது சுலபம் என்று வந்திருந்தார். வந்த இடத்தில் காலேஜ் பொங்கல் லீவுக்குப் பூட்டிக் கிடந்தது.

அருள்ஜோதி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "ரெஸ்பெக்டட் சார், கைண்ட்லி சிட்."

அவர் சிரிக்கவில்லை. நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்திவிட்டு உட்கார்ந்தார். அதிலேயே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் கேட்டது பத்து நாளைக்கு ஒரு மேசையும் ஒரு கம்ப்யூட்டரும். அவள் கடையின் பின்பாதியை ஒழித்துக் கொடுத்தாள். பேப்பர் கட்டுகளை மச்சில் ஏற்றினாள். பழைய புடவை ஒன்றை நடுவில் திரையாகக் கட்டினாள். மலுவால் துணிப்பையிலிருந்து ஒரு சின்னக் கொடியை எடுத்து, பேனா வைக்கிற டப்பாவில் நட்டு மேசைமேல் வைத்தார். கறுப்பு, சிவப்பு, பச்சை, ஓரத்தில் நீல முக்கோணம், அதில் மஞ்சள் நட்சத்திரம்.

டீ கொண்டுவந்த விநாயகம் கொடியைப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சி இது, ஜோதி?" என்று கேட்டான்.

"கட்சி இல்லண்ணா. நாடு. இது இப்ப தூதரகம். செருப்ப வெளிய விட்டுட்டு வா."

மறுநாளிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். மலுவால் கேள்வி கேட்பார், அவள் படிவத்தை அடிப்பாள். தாய் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், பாட்டனுக்குப் பாட்டன் பெயர், எந்த ஊர், எந்தத் தெரு, எந்த ஆறு என்று கேள்வி போய்க்கொண்டே இருக்கும். முதலில் அந்தப் பெயர்களை அடிப்பது அவளுக்குத் தடுமாறியது. இரண்டாம் நாள் முடிவதற்குள் மலுவால் வாய் திறக்கும்போதே எழுத்து விழ ஆரம்பித்தது.

போட்டோதான் பிரச்சினையாக இருந்தது. பிள்ளைகள் வேறெங்கோ எடுத்துக் கொண்டுவந்திருந்த படங்களில் முகம் மொத்தமாக இருண்டு, ஆள் யார் என்றே தெரியவில்லை. மலுவால் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கீழே வைத்தார். அருள்ஜோதிக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. "இதெல்லாம் வேணாம். நானே எடுக்கறேன்" என்றாள். காலை ஒன்பது மணிக்கு வாசல் வெயில் சாய்வாக உள்ளே வரும். அந்த நேரத்தில் பையனை வாசல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, டி.வி. பெட்டியோடு வந்த தெர்மாகோல் பலகை ஒன்றை விநாயகத்தின் கையில் கொடுத்து, வெளிச்சத்தை முகத்தில் திருப்பச் சொன்னாள். நாலைந்து தரம் எடுத்தபின் சரியாக விழுந்தது. கன்னத்து மேடு, நெற்றிச் சுருக்கம், கண்ணுக்குள் பழுப்பு நிறம் எல்லாம் தெளிவாக இருந்தது. சைமன் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, நா இவ்ளோ அழகாவா இருக்கறேன்?" என்றான். "தெரியாதா உனக்கு?" என்றாள். அவன் அதைப் பத்து காப்பி கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் அச்சோலின் முறை. தகப்பன் பெயர் சொன்னாள். பாட்டன் பெயர் கேட்டதும் நின்றுவிட்டாள்.

அவள் பிறந்தது கென்யாவில் ஒரு முகாமில். அவள் பிறப்பதற்கு முன்பே தகப்பன் போரில் செத்துவிட்டான். தாய் காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஏழு வயது. பிறகு வளர்த்தவர்கள் யார் யாரோ. பழைய பாஸ்போர்ட்டில் இருந்த ஊர்ப் பெயர்கூட, அதை வாங்கிக் கொடுத்தவர் இஷ்டத்துக்குப் போட்டது. சொந்த ஊர் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. சாட்சி சொல்லச் சொந்தத்தில் ஒரு பெரியவராவது வேண்டும் என்பது மலுவால் கையிலிருந்த விதி.

மலுவால் அந்த விதியை இன்னொரு தரம் படித்துப் பார்த்தார். "பொய்யாக ஒரு ஊரை எழுதிக்கொள்ளலாம்" என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். "ஆனால் நாட்டின் முதல் காகிதங்கள் இவை. இதிலேயே பொய் இருக்கக் கூடாது."

அச்சோல் எழுந்து போய்விட்டாள். வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அருள்ஜோதி செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, பஸ் ஸ்டாண்டுக்குள் ஒரு பெஞ்சில் அவளைப் பிடித்தாள். குனிந்து செருப்பை அவள் காலருகே வைத்தாள்.

"பொங்கலுக்கு எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன். நீயும் வா. எல்லாரும் வாங்க. அந்த ஆபீசரும் வரட்டும், லாட்ஜ்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போறாரு?"

அண்ணன் இருதயநாதன் ஊர், மேல்மலையனூர் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. கோயில் தெருவைச் சுற்றி அறுபது கத்தோலிக்கக் குடும்பம், எல்லாம் விவசாயம். திருப்பலி முடித்துப் பங்குச் சாமியார் வந்து மாடுகளுக்குத் தீர்த்தம் தெளிப்பார். அதன் பிறகு மாட்டுப் பொங்கல், சுற்றிலும் உள்ள எல்லா ஊர்களையும் போலத்தான்.

மலுவால் கோட்டு போட்டுக்கொண்டே வந்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கித் தெருவுக்குள் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். ஏரியில் குளிப்பாட்டி ஓட்டிவந்த மாடுகள் தெரு நிறைய நின்றன. ஒருத்தி கொம்புக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தாள். ஒருவன் கழுத்தில் சலங்கை கட்டிக்கொண்டிருந்தான். மாட்டின் நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் நெட்டி மாலை.

"நம்மைப் போலவே இவர்களும் மாட்டுக்குச் சிங்காரம் செய்வார்களா?" என்று அச்சோலிடம் கேட்டார்.

கோட்டைக் கழற்றிச் சைமன் கையில் கொடுத்தார். இருதயநாதனின் செவலைக் காளையிடம் நேராகப் போனார். "சார், சார், முட்டும்!" என்று இருதயநாதன் கத்தினான். அவர் காதில் விழவில்லை. காளையின் கழுத்துக்குக் கீழே கையை வைத்து, மேலிருந்து கீழாக ஒரே நிதானமாகத் தடவினார். அது தலையை ஆட்டி மூச்சு விட்டது, பிறகு கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

"மாட்டுக்காரரா இவரு?" என்றான் இருதயநாதன்.

அச்சோல்தான் விளக்கினாள். டிங்கா என்ற அவர்கள் இனத்தில் ஒவ்வொரு ஆணுக்கும் வாலிப வயதில் ஒரு காளை கொடுப்பார்கள். அந்தக் காளையின் நிறத்தை வைத்து அவனுக்கு ஒரு பெயர் வரும். அதைப் பற்றி அவன் சொந்தமாகப் பாட்டுக் கட்டுவான். அவன் செத்தாலும் அந்தப் பாட்டை வீட்டார் மறக்க மாட்டார்கள்.

"அப்ப ஒண்ணு பாடச் சொல்லு" என்றாள் அண்ணி.

மலுவால் இரண்டு கையையும் தலைக்கு மேலே கொம்பு மாதிரி வளைத்துத் தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அதில் இராகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, கூப்பிடுகிற மாதிரி இருந்தது. தெருவில் சலங்கைச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஊர்ப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். போரில் அவருடைய மாடுகள் எல்லாம் போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது என்று பின்னால்தான் அருள்ஜோதிக்குத் தெரிந்தது.

அவர் முடித்ததும் யாரும் எதிர்பார்க்காத விதமாக அச்சோல் பாட ஆரம்பித்தாள். சின்னக் குரல். அம்மா தூங்கவைக்கும்போது பாடியது, தனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான் என்றாள் பிறகு. இரண்டு அடி பாடியிருப்பாள், மலுவால் கையைக் காட்டி நிறுத்தினார்.

"திரும்பப் பாடு."

பாடினாள். அவர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார், காகிதம் இல்லை. இருதயநாதன் பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தான். காளையின் முதுகையே பலகையாக வைத்துக்கொண்டு அவர் எழுதினார். உடம்பு கறுப்பு, நெற்றி வெள்ளை என்று காளையின் நிறம். அது தண்ணீர் குடிக்கிற ஓடையின் பெயர். அதை ஈன்ற பசுவைக் கொடுத்த தகப்பனின் பெயர்.

"இது உன் அப்பாவின் பாட்டு" என்றார் மலுவால். "பாட்டுக்குள்ளேயே உன் பாட்டன் இருக்கிறார், உன் ஊர் ஓடை இருக்கிறது. இத்தனை வருஷமாக உன்னிடம்தான் இருந்திருக்கிறது."

அச்சோல் அருள்ஜோதியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் அழுவதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தது. அண்ணி உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். "அழட்டும் வுடு, ஜோதி" என்றாள்.

மறுநாள் காணும் பொங்கலுக்கு ஊரே கோட்டை பார்க்கப் போனபோது அருள்ஜோதி கடையைத் திறந்து வைத்தாள். மலுவால் போனை எடுத்தார். அவர்கள் தலைநகர் ஜூபாவில் ஒரு நண்பர், அவர் மூலமாக ஒரு பாதிரியார், பாதிரியார் மூலமாக அந்த ஓடைக்கரையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஒவ்வொரு போனும் பாதியில் அறுந்துபோகும். மூன்று நாள் அதுதான் வேலை. தகவல் கிடைக்காத நாளில் மலுவால் அச்சோல் தங்கியிருந்த வீட்டுக்கு நடந்துபோய், வாசலில் நின்றபடியே, "இன்று ஒன்றும் நடக்கவில்லை, மகளே" என்று சொல்லிவிட்டு வருவார். முதல் நாள் கூடப் போயிருந்த அருள்ஜோதி அதைக் கேட்டாள். குவைத் போனைப் பற்றி அன்றைக்குத் தன் மனு இங்கிலீஷில் அவரிடம் சொன்னாள். "மை ஹஸ்பண்ட் எக்ஸ்பைர்ட், சார்" என்று தொடங்கி முழுவதையும் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார். "அந்த மனிதர் நல்ல அதிகாரி" என்றார். "நானும் அப்படி ஆக வேண்டும். கற்றுக்கொண்டிருக்கிறேன்."

நாலாம் நாள் மத்தியானம் கடைப் போன் அடித்தது. வாத்தியார் ஒரு கிழவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அச்சோலின் தகப்பனோடு பிறந்த அக்கா. கடையில் காத்திருந்த அச்சோலும் கேட்கட்டும் என்று மலுவால் ஸ்பீக்கரில் போட்டார். கிழவி அச்சோலின் தாய் பெயரைச் சொன்னாள், தாய்க்கு இடது கைப் பழக்கம் என்பதைச் சொன்னாள். பாட்டின் அடுத்த இரண்டு அடியையும் பாடிக் காட்டினாள். அச்சோலுக்குத் தெரியாத அடிகள் அவை.

பிறகு கிழவி ஏதோ கேட்டாள். மலுவால் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னா கேக்கறாங்க?" என்றாள் அருள்ஜோதி.

கண்ணைத் துடைத்துக்கொண்டே அச்சோல் சொன்னாள். "நா இருக்கற ஊர்ல மாடு இருக்குதான்னு கேக்கறாங்க. இல்லாத ஊர்ல பொம்பளப் புள்ளைய எதுக்கு வுட்டு வச்சிருக்கீங்கன்னு திட்டறாங்க."

"இருக்குதுன்னு சொல்லு. கொம்புக்குப் பெயின்ட் அடிச்ச மாடு இருக்குதுன்னு சொல்லு."

அச்சோலின் சான்றை மலுவால் தானே அடித்தார், ஒற்றை விரலில். தப்பு வந்தால் அருள்ஜோதி எட்டித் திருத்துவாள். முத்திரையைக் குத்தி, ஊதி, காயும்வரை கையிலேயே வைத்திருந்துவிட்டு எழுந்து நின்று கொடுத்தார். மற்ற இருபத்திரண்டு பேருக்கும் அப்படித்தான், எழுந்து நின்றுதான் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் தலை மச்சில் இடிக்கும்.

அவர் கிளம்பிய அன்று தை அமாவாசை. மேல்மலையனூருக்குப் போகிற கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் புடவையோடு நின்ற பெண்களுக்கு நடுவே அந்தச் சாம்பல் கோட்டு தனியாகத் தெரிந்தது. விழுப்புரம் பஸ்ஸில் சைமன் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தான்.

அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

அடுத்த வருஷம் டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அந்தப் பிள்ளைகளின் நாட்டில் சண்டை வெடித்தது. இந்தத் தடவை வெளியாரோடு இல்லை, தங்களுக்குள்ளேயே. பெரும்பாலும் டிங்கா ஆட்கள் ஒரு பக்கம், நுவேர் என்ற இன்னொரு இனத்து ஆட்கள் மறு பக்கம். செஞ்சியில் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துத் தின்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். அச்சோலும் மலுவாலும் டிங்கா. சைமன் நுவேர். சைமன் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டான். அவன் அம்மா இருந்த ஊர் எரிகிறது என்று டி.வி.யில் காட்டினார்கள். போன் போகவில்லை.

மலுவால் டில்லியிலிருந்து ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டார். இருபத்திரண்டு பேர் எடுத்தார்கள், சைமன் எடுக்கவில்லை. அவர் கடைக்குக் கூப்பிட்டார். அப்போது சைமன் கடையில்தான் உட்கார்ந்திருந்தான், தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவான்.

"பேசுடா" என்று போனை நீட்டினாள்.

"வேணாங்க்கா. அவரு அவங்க ஆளு."

"உங்க நாட்டு ஆபீசர்னு நீயுந்தானடா கூட்டிக்கினு வந்த?"

"அப்ப நாடு இருந்துச்சு" என்றான் சைமன்.

போனில் மலுவாலுக்கு, தமிழ் புரியாவிட்டாலும், சைமனின் குரல் கேட்டிருக்க வேண்டும். "சிஸ்டர், அவன் என்னோடு பேச வேண்டாம். அவன் அம்மாவின் பெயரும் தெருவும் மட்டும் எனக்கு வேண்டும்" என்றார்.

சைமன் எழுந்து போய்விட்டான். அருள்ஜோதி கம்ப்யூட்டரில் போன வருஷத்துப் படிவங்களைத் திறந்தாள். அவள் கையால் அடித்த பெயர். ஒரு நிமிஷம் யோசித்தாள். பையனைக் கேட்காமல் கொடுப்பது சரியா என்று இருந்தது. கொடுக்காமல் இருந்துவிட்டு, நாளைக்கு அந்தத் தாய்க்கு ஒன்று ஆகிவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் இருந்தது. எழுத்து எழுத்தாகப் போனில் படித்தாள்.

அதன்பின் தினமும் மத்தியானம் மலுவாலிடமிருந்து போன் வரும். சைமன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் ஸ்பீக்கரில்தான் போடுவாள். இன்று ஆற்றங்கரை முகாமில் கேட்டேன், இல்லை. இன்று ஆஸ்பத்திரிப் பட்டியல் பார்த்தேன், அதிலும் இல்லை, அது நல்லதுதான். சைமன் திரும்பிப் பார்க்க மாட்டான். ஆனால் அந்த நேரத்துக்கு வராமலும் இருக்க மாட்டான். கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கல் போயிற்று.

முப்பத்திரண்டாம் நாள் மலுவாலிடம் செய்தி இருந்தது. ஐ.நா. முகாம் ஒன்றில் கூடாரம் கூடாரமாகத் தேடி, அந்தப் பெயரில் ஒரு அம்மாவைக் கண்டுபிடித்திருந்தார்கள். காலில் காயம், உயிருக்கு ஒன்றுமில்லை. "லைனில் இருக்கிறார். என்னோடு பேச வேண்டாம், அவரோடு பேசச் சொல்லுங்கள்" என்றார்.

சைமன் இரண்டு கையாலும் போனை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவன் பேசி முடிக்கும்வரை அருள்ஜோதி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே நின்றாள். விநாயகம் அவள் கையில் ஒரு டீயைக் கொடுத்தான், அவனும் பக்கத்தில் நின்றான். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை, "பத்து நிமிசம் கழிச்சி வாங்க" என்று அவனே திருப்பி அனுப்பினான்.

அந்த முப்பத்திரண்டு நாளில்தான் மலுவாலின் சொந்த அண்ணன் கொல்லப்பட்டிருந்தார், சைமன் ஆட்கள் கையால். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அச்சோலுக்கு ஊரிலிருந்து அத்தை மூலமாகத் தெரிந்தது. அச்சோல் அதைச் சைமனிடம் போய்ச் சொன்னாள். அவன் புது வீட்டு வாசலில், சண்டைக்குப் பிறகு அவனோடு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். இருவரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். சைமன் டில்லிக்குப் போன் போட்டு ஏதோ சொன்னான், மிகச் சுருக்கமாக. என்ன சொன்னான் என்று அருள்ஜோதி கேட்கவில்லை.

பிள்ளைகள் படிப்பு முடித்து ஒவ்வொருவராகப் போனார்கள். அச்சோல் ஜூபாவில் சாலை போடுகிற இன்ஜினியர். மழையில் அடித்துக்கொண்டு போகிற சாலையைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன் என்று எழுதுவாள். மலுவால் வேறு நாட்டுக்கு மாற்றலாகி, பிறகு ஓய்வு பெற்று, இப்போது தான் முன்பு கணக்குச் சொல்லிக் கொடுத்த அந்தப் பழைய முகாமுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் வைத்திருக்கிறாராம். வருஷத்துக்கு ஒரு தரம், தை மாதத்தில், "மாடுகள் நலமா, சிஸ்டர்?" என்று செய்தி வரும். இருதயநாதன் தன் தொழுவத்தில் போய்ப் படம் எடுத்து அனுப்புவான்.

சைமன் பக்கத்து நாட்டில், கம்பாலாவில் இருக்கிறான். அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டான். போன மழைக்காலத்தில் ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டான். "அக்கா, எங்கம்மா உன்னாண்ட பேசணுமாம்" என்று சொல்லிப் போனை அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டு எங்கேயோ எழுந்து போய்விட்டான்.

திரையில் வெள்ளை முடியோடு ஒரு பெரிய முகம். அந்த அம்மா நுவேர் மொழியில் பேச ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. கையை ஆட்டினாள், காலைத் தூக்கித் தழும்பைக் காட்டினாள், ஒரு தரம் சிரித்தாள், ஒரு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அருள்ஜோதிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவளும் சும்மா இருக்கவில்லை. "ஆமாம்மா, ரொம்ப எளச்சிட்டான் அப்ப, சோறே எறங்கல அவனுக்கு" என்றாள். "கால்வலிக்கு நல்லெண்ணெ தேச்சிக்கோ" என்றாள். "ஏம்மா, அவனுக்குப் பொண்ணு பாக்கலாமில்ல? முப்பத்தஞ்சு ஆவப் போவுது" என்றாள். அந்த அம்மா அதற்கு மிக நீளமாக ஒரு பதில் சொன்னாள், சலிப்போடு சொன்ன மாதிரி இருந்தது. அருள்ஜோதி தலையை ஆட்டினாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வாசலில் நின்றார். அருள்ஜோதி பேச்சை நிறுத்தாமலே அவருக்கு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள்.